உள்ளங்காலைப் பார்க்கிறவள்

மதராஸ் கப்பல் வந்து வாரக்கணக்காகிவிட்டது டாக்டரம்மா, அதனால் காபி சுமாராகத்தான் இருக்கும். நல்ல பொடி தீர்ந்துவிட்டால் இங்கே பஜாரில் கிடைப்பது பாதி சிக்கரி. மீதிப் பாதி என்னவென்று விற்கிறவருக்கே தெரியாது. இருந்தாலும் குடியுங்கள். இந்த வெயிலில் மேடேறி வந்திருக்கிறீர்கள். ஹேடோ குவார்ட்டர்ஸைக் கட்டினவர்கள், இங்கே மனிதர்கள் நடந்து வருவார்கள் என்று யோசித்துக் கட்டியதாகத் தெரியவில்லை. கட்டினவர்களில் என் வீட்டுக்காரரும் ஒருவர், அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

மேஜைமேல் பஞ்சில் வைத்திருக்கிறீர்களே, அந்தச் சிப்பித் துண்டைப் பார்த்தேன். அவருடைய வலது ஷூவிலிருந்து எடுத்தது. அதை வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்களுக்கு முன்னால் இருந்த டாக்டர் வேதநாயகமாக இருந்தால் இந்நேரம் நாலு கேள்வி கேட்டு, நாலுக்கும் அவரே பதில் சொல்லி, காபியையும் குடித்து முடித்திருப்பார். நீங்கள் வேறு மாதிரி. எனக்குப் பிடித்திருக்கிறது.

அவர் வராந்தாவில் ரேடியோ கேட்டுக்கொண்டிருக்கிறார். இலங்கை வானொலியில் பாட்டு ஓடும்வரை நாம் பேசுவது அவர் காதில் விழாது. நிதானமாகவே சொல்கிறேன். நீங்களும் நிதானமாகக் கேட்டால், இதில் ஒரு நியாயம் இருப்பது உங்களுக்கே தெரியும்.

என் வீட்டுக்காரர் பெயர் பக்தவத்சலம், துறைமுக வேலையில் ஓவர்சியர் என்று ஆஸ்பத்திரியில் எழுதி வைத்திருப்பீர்கள். ஓவர்சியர் என்றால் தீவு தீவாகப் போய், கப்பல் வந்து அணைவதற்கு ஜெட்டிப் பாலம் போடுகிறவர் என்று அர்த்தம். கல்யாணமானதும் மன்னார்குடியிலிருந்து என்னைக் கப்பலேற்றி இந்தத் தீவுக்குக் கூட்டிவந்தார். வழி முழுக்க எனக்கு வாந்தி. கரையில் என்னை இறக்கிவிட்டு, எனக்குத் தலைசுற்றல் நிற்பதற்கு முன்பே அவர் மாயாபந்தருக்குப் போய்விட்டார். அப்புறம் ரங்கத், அப்புறம் ஹட் பே, அப்புறம் கார் நிக்கோபார். நடுநடுவே மூட்டை நிறையத் தேங்காயோடு வீட்டுக்கு வருவார். வந்து உட்கார்ந்து, டம்ளர் எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்பார். சொந்த வீட்டில் டம்ளர் இருக்கும் இடம் தெரியாத ஆளைப் புருஷன் என்பதா, இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தவர் என்பதா?

குழந்தை இல்லை. அதற்கும் ஆள் வீட்டில் இருக்க வேண்டாமா என்பாள் பொன்னம்மா. பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருக்கும் கிரேன் டிரைவரின் மனைவி. வாய் கொஞ்சம் நீளம், மனசு நல்லது. எனக்குப் பெரிய ஆசைகள் கிடையாது டாக்டரம்மா. நகை கேட்டதில்லை. ஊருக்குக் கூட்டிப்போகச் சொல்லி நச்சரித்ததில்லை. ரசத்தை ஊற்றிவிட்டு உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டால், பதில் சொல்ல எதிரே ஒரு ஆள் இருக்க வேண்டும். எனக்கு இருட்டுக்குப் பயமில்லை, புயலுக்குப் பயமில்லை. தனியாக உட்கார்ந்து சாப்பிடத்தான் பயம். சிரிக்காதீர்கள். சிரித்தாலும் பரவாயில்லை, நானே சிரித்திருக்கிறேன்.

அதனால் அவருக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்த நாளில் நான் அழவில்லை. ஹட் பேயில் முதுகில் வந்த கட்டி ஆறவே இல்லை என்று கப்பலில் திருப்பி அனுப்பியிருந்தார்கள். டாக்டர் வேதநாயகம் அவருடைய சிறுநீரை நீல மருந்தில் விட்டுக் காய்ச்சினார். அது செங்கல் நிறத்துக்கு வந்தது, அவ்வளவு சர்க்கரை.

“என்னவே ஓவர்சியர், ஜெட்டிக்கு வேண்டிய செங்கல்ல உள்ளுக்குள்ளயே சூளை போட்டு வச்சிருக்கீரு” என்றார் டாக்டர். தூத்துக்குடிக்காரர், எதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, இனிமேல் கடல் தாண்டி வேலை கூடாது, இங்கேயே ஆபீஸ் வேலை, வேளைக்குச் சாப்பாடு, தினமும் பாதத்தைப் பார்த்தாக வேண்டும் என்றார். அந்த மனுஷருக்கு ஒரு கோயில் கட்டலாம் போல இருந்தது எனக்கு. கிறிஸ்தவர் என்பதால் கட்டவில்லை.

டாக்டர் வேலூர் ஆஸ்பத்திரியில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு வந்தவர். பாதத்தைப் பற்றி அங்கே யாரோ அவருக்கு நன்றாக ஓதி அனுப்பியிருந்தார்கள். என்னை எதிரில் உட்காரவைத்துப் பாடம் எடுத்தார். “சர்க்கரைக்காரருக்கு மொதல்ல கால்லதாம்மா உணர்ச்சி போவும். முள்ளு குத்துனாலும் தெரியாது, கொப்புளம் வந்தாலும் தெரியாது. வலிச்சாத்தான மனுசன் குனிஞ்சி பாப்பான்? அவருக்குத் தெரியாதத நீங்க தெரிஞ்சிக்கிடணும். அவரு காலுக்கு இனிமே நீங்கதான் காவல்.”

கவனியுங்கள் டாக்டரம்மா, வேலையை எனக்குக் கொடுத்தது அவர்தான். நானாகக் கேட்கவில்லை.

காவலுக்கு மூன்று சாமான்கள். முதலாவது ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. தரையில் வைத்து அதன்மேல் பாதத்தைத் தூக்கிப் பிடித்தால் உள்ளங்கால் தெரியும். அவருக்கு இருந்த தொப்பைக்கு வேறெப்படியும் அவரால் தன் காலைப் பார்த்திருக்க முடியாது. இரண்டாவது, இரண்டு கவையுள்ள எஃகுக் கம்பி. டியூனிங் ஃபோர்க் என்றார் டாக்டர். அதைத் தட்டிவிட்டு அடிக்கட்டையைக் கால் கட்டைவிரல் எலும்பில் வைக்க வேண்டும். அதிர்வு தெரிகிறவரை அவர் கண்ணை மூடிக்கொண்டு “இருக்கு, இருக்கு” என்று சொல்ல வேண்டும். நின்றதும் “போச்சு” என்று சொல்ல வேண்டும். உடனே நான் அதை எடுத்து என் விரலில் வைத்துப் பார்ப்பேன். அவர் போச்சு என்ற பிறகும் என் விரலில் அது ரீங்கரித்துக்கொண்டிருந்தால், அவ்வளவுக்கு அவருடைய காலில் உணர்ச்சி குறைந்துவிட்டது என்று கணக்கு. அவர் அதற்குத் தம்புரா என்று பெயர் வைத்தார். ஆபீஸ் விட்டு வந்து சட்டையைக் கழற்றுவதற்குள், “ருக்கு, கச்சேரிக்கு நேரமாச்சு, தம்புராவ எடு” என்பார்.

மூன்றாவது ரப்பர் பாய். அதை டாக்டர் படத்தில்தான் காட்டினார், செய்தது இவர். துறைமுகத்தில் கிடைத்த சன்னவரி போட்ட ரப்பர் ஷீட்டை வெட்டி, ஆபீஸில் நகலெடுக்கிற மையை அதன் அடியில் பூசி, கீழே வெள்ளைக் காகிதத்தை விரித்தார். மேலே ஏறி நடந்தால் காகிதத்தில் பாதம் பதியும். எங்கே பாரம் அதிகமாக விழுகிறதோ அங்கே கறுப்பு அதிகமாக இருக்கும். கறுப்பு அதிகமான இடத்தில்தான் புண் வரும், அந்த இடத்துக்கு மெத்தென்று ஏதாவது கொடுக்க வேண்டும். அந்தப் பதிவை வைத்து ஸ்பாஞ்ச் ரப்பரை வெட்டி, மேலே மெல்லிய தோலைத் தைத்து, ஷூவுக்குள் போடும் அட்டையை நான் தயார் செய்தேன். மன்னார்குடியில் எனக்குத் தையல் சொல்லிக்கொடுத்த டீச்சர், நூல் வெளியே தெரிந்தால் காதைத் திருகுவாள். அந்தப் பயத்தில் பழகிய கை.

எத்தனை நல்ல நாட்கள் அவை. மற்ற வீட்டுச் சுவரில் முருகன் காலண்டர் தொங்கும், எங்கள் வீட்டுச் சுவரில் ஓவர்சியரின் கால் தொங்கும். மாதாமாதம் எடுத்த பதிவுகளை வாசலிலிருந்து உள்ளே வருகிற மாதிரி வரிசையாக மாட்டிவைத்திருந்தேன். ஒருநாள் பொன்னம்மா வந்தவள் அதைப் பார்த்துவிட்டுச் செருப்பை வெளியே விட்டாள்.

“ருக்கு, இது எந்தப் பெருமாள் பாதம்? சொல்லவே இல்லையே நீ” என்று கேட்டு, கட்டைவிரலில் குங்குமம் வைத்து, செம்பருத்தியும் செருகிவிட்டாள். இவர் உள்ளே பனியனோடு உட்கார்ந்திருந்தவர், எழுந்திருக்காமலே கையைத் தூக்கி, “தீர்க்க சுமங்கலி பவ” என்றார். உண்மை தெரிந்த பிறகும் அவள் பூ வைப்பதை நிறுத்தவில்லை. வைத்துப் பழகிவிட்டதாம்.

எங்கள் ஊரில் கோகுலாஷ்டமிக்குக் கண்ணன் காலை மாவால் வரைவோம். உங்கள் பக்கத்திலும் உண்டுதானே? வாசற்படியிலிருந்து பூஜை அறைவரை குட்டிக் குட்டிக் கால்கள் வரும். இத்தனை வருஷத்தில் ஒரு வீட்டிலாவது வெளியே போகிற கால்களை யாராவது வரைந்து பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. எனக்கு அதுதான் குடும்பம் என்பதாகத் தோன்றும்.

என் தொல்லை என்னவென்றால், நான் வேலையைச் சரியாகச் செய்துவிட்டேன். தினமும் காலைக் கழுவி, விரலிடுக்கில் ஈரம் துடைத்து, எண்ணெய் தடவி, நகம் வெட்டி, காலையில் அவர் ஷூ போடுவதற்குமுன் அதைக் கவிழ்த்துத் தட்டி உதறிக் கொடுப்பேன். இந்தத் தீவில் யார் ஷூவை உதறினாலும் மணலோ சிப்பியோ விழும். உணர்ச்சி திரும்பவில்லை, அது திரும்பாது என்று டாக்டரே சொல்லியிருந்தார். ஆனால் தோலில் ஒரு கீறல் இல்லை. நீல மருந்தும் நீலமாகவே நின்றது. டாக்டர் வேதநாயகம் அவருடைய பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “இது சர்க்கரைக்காரர் காலு மாதிரியா இருக்கு? சின்னப் புள்ள காலுல்லா. எல்லாம் உங்க கைதாம்மா” என்று என்னைப் பாராட்டினார். பாராட்டிவிட்டு, வெளித்தீவு வேலைக்கு உடல் தகுதி உண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

இவர் அன்று மாலை தம்புராவைக் கேட்கவில்லை. வரும்போதே பேசிக்கொண்டு வந்தார்.

“ஃபிட்டுன்னு எழுதிட்டாரு ருக்கு. சலோ, கேம்பல் பே. நிக்கோபார்லயே கடைசித் தீவு. ரிட்டயரான பட்டாளத்துக்காரங்களக் குடும்பம் குடும்பமா கொண்டாந்து குடியேத்துறாங்க, எறங்கறதுக்கு ஒரு உருப்படியான ஜெட்டி இல்ல. பக்தவத்சலம் வந்தாத்தான் ஆகும்னு எஞ்சினியர் சாப் சொல்லிட்டாரு.”

“நானும் வரேன்” என்றேன்.

“அரே, அங்க டெண்டுலதான் கெடக்கணும். மழையும் அட்டையுமா இருக்கும். நீ வந்து என்னா பண்ணுவ?”

“கால யாரு பாக்கறது?”

“கண்ணாடி இருக்குல்ல. நானே பாத்துக்கறேன். ஒன் புண்ணியத்துல காலு இப்ப கும்முனு இருக்கு.”

அவருடைய முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எங்கள் கல்யாணத்தன்றுகூட அவர் அப்படிச் சிரித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது, உள்ளதைச் சொல்கிறேன்.

மறுநாள் துடைக்கும்போது கண்ணாடி கைதவறி விழுந்து உடைந்தது. கைதவறித்தான். அதற்காக அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “போனாப் போவுது விடு. நீதானே எனக்குக் கண்ணாடி” என்றார். அதன்பிறகு பஜாரில் போய்ச் சவரம் செய்துகொண்டார்.

இனி, நீங்கள் டாக்டர் என்பதால் உங்களுக்குச் சுலபமாகப் புரியும். கேம்பல் பேயில் அவருக்கு ஒரு புண் வந்தால் என்ன ஆகும்? அங்கே பார்க்க யார் இருக்கிறார்கள்? சேற்றில் நிற்பார், முள்ளில் மிதிப்பார், ஒன்றும் தெரியாது. ஆளே போய்விடுவார். அதே புண் இங்கே, என் கண்ணெதிரில், ஆஸ்பத்திரி இருக்கிற ஊரில், சின்னதாக வந்தால்? நாலு நாள் கட்டுப் போட்டால் ஆறிவிடும், கப்பலும் போய்விடும். பெரியம்மை வராமல் இருக்கக் குழந்தைகளுக்கு ஊசி குத்துகிறீர்களே, அதுவும் சின்னதாக ஒரு புண்தானே? தழும்புகூட இருக்கிறது என் கையில். அதைக் குத்தியவர்மேல் யாரும் வழக்குப் போடவில்லை.

சுவரில் கடைசியாக மாட்டிய பதிவைப் பார்த்தேன். இடது காலில், கட்டைவிரலுக்கு அடியில் இருக்கும் மேட்டில், கறுப்பு நன்றாக விழுந்திருந்தது. தம்புராவை வைத்துப் பார்த்தேன். “போச்சு” என்றார் உடனே. என் விரலில் அது வெகுநேரம் பாடிக்கொண்டிருந்தது. கடற்கரையிலிருந்து ஒரு சிப்பித் துண்டைப் பொறுக்கிவந்து, ஷூ அட்டையின் தோலைப் பிரித்து, அந்த இடத்தில் வைத்துத் தைத்தேன். வழக்கம்போலக் காலையில் ஷூவைக் கவிழ்த்துத் தட்டி உதறித்தான் அவரிடம் கொடுத்தேன். தைத்தது எப்படி விழும்?

நான் நினைத்தபடியேதான் எல்லாம் நடந்தது. இரண்டொரு நாளில் சிவந்தது, அப்புறம் கொப்புளித்தது. சாயங்காலம் காலை மடியில் வைத்துப் பார்த்துவிட்டு “ஒண்ணுமில்லீங்க, சுத்தமா இருக்கு” என்றேன். கப்பலேறுவதற்கு முந்தின நாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காட்டுவதாக இருந்தேன். அதற்கு முன்னால் காட்டினால் ஆறித் தொலைத்துவிடும், அவரும் போய்விடுவார். ரொம்பச் சரியாகக் கணக்குப் போட்டிருந்தேன் டாக்டரம்மா.

கப்பல் வரவில்லை.

இந்த ஊரில் கப்பலை நம்பி ஒரு கணக்குப் போட்டேன் பாருங்கள், அதற்கு என்னைத் திட்டலாம். தீவில் இத்தனை வருஷம் இருந்தவள் செய்கிற காரியமா அது? நிக்கோபார் போகிற கப்பலுக்கு என்ஜினில் ஏதோ கோளாறு, கல்கத்தாவிலிருந்து சாமான் வர வேண்டும் என்றார்கள். ஒரு வாரம் தள்ளிப்போனது. சாமான் வந்தது, புயல் என்றார்கள். மறுபடி தள்ளிப்போனது. இவர் தினமும் கப்பல் கட்டுகிற வார்ஃபுக்குப் போய் விசாரித்துவிட்டு வருவார், அதே ஷூவோடு. போக ஒரு நடை, வர ஒரு நடை. வீட்டில் சும்மா உட்காருங்கள் என்று நான் எவ்வளவோ சொன்னேன். கேட்கிற ஆளா? அன்றைக்கே என் பேச்சைக் கேட்டு உட்கார்ந்திருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது. இதை நான் அவரிடம் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை.

ரப்பர் பாய்க்கு மை தீர்ந்துவிட்டது என்றேன். காலில் வாடை வர ஆரம்பித்ததும் சாயங்காலத்தில் சாம்பிராணி போட்டேன். “என்னா ருக்கு, வீடு கோயிலாட்டம் இருக்கு” என்று சந்தோஷப்பட்டார். ஃபிட் என்று எழுதிக்கொடுத்துவிட்ட டாக்டர் கூப்பிட்டுப் பார்க்கவில்லை. நான் மட்டும்தான் பார்த்தேன். தினமும், ஒருநாள் விடாமல் பார்த்தேன். காய்ச்சல் கண்டு அவர் உளற ஆரம்பித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனோம். பொன்னம்மா வீட்டுக்காரர் ஜீப் கொண்டுவந்தார்.

முதலில் விரல் என்றார்கள். அப்புறம் பாதம் என்றார்கள். கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அவர் மயக்கம் தெளியாமல் படுத்திருந்தபோது நிக்கோபார் கப்பல் ஹேடோவிலிருந்து கிளம்பியது. சங்கு ஊதியது ஜன்னல் வழியாகக் கேட்டது. அழுதுகொண்டிருந்தேன், ஆனாலும் மனசுக்குள் ஒரு நிம்மதி வந்தது. அதை உங்களிடம் மறைக்க மாட்டேன்.

டாக்டர் வேதநாயகம்தான் பாவம். என்னைவிட அதிகமாக அழுதார். “நாந்தாம்மா ஃபிட்டுன்னு எழுதுனேன். வார்ஃபுக்கும் வீட்டுக்குமா நடந்தே மனுசன் கால அழிச்சிட்டாரே. நீங்க எம்புட்டுப் பாத்தீங்க” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். உங்கள்மேல் தப்பில்லை டாக்டர், எல்லாம் நம் கையிலா இருக்கிறது என்று நான்தான் அவரைத் தேற்றினேன். அதன்பிறகு அவர் இங்கே அதிக நாள் இருக்கவில்லை, மாற்றல் கேட்டு மெயின்லேண்டுக்குப் போய்விட்டார். போகும்போது டியூனிங் ஃபோர்க்கை எனக்கே கொடுத்துவிட்டார், மீதிக் காலைப் பார்த்துக்கொள்ள.

இவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், “காலு போனாலும் உசுரு ருக்குவாலதான் நிக்குது” என்று சொன்னார். அது ஒன்றும் பொய்யில்லையே. கேம்பல் பே போயிருந்தால் உயிரே போயிருக்கும்.

அப்புறம் நாங்கள் சந்தோஷமாகவே இருந்தோம். வராந்தாவில் உட்கார்ந்து கப்பல்களைப் பார்ப்பார். எந்தக் கப்பல் எங்கே போகிறது என்று எனக்குச் சொல்வார். டம்ளர் எங்கே இருக்கிறது என்பது இப்போது அவருக்குத் தெரியும், எழுந்து போய் எடுக்க முடியாது, அவ்வளவுதான். ரசத்தை ஊற்றிவிட்டுக் கேட்பேன். உப்பு சரியாக இருக்கிறது என்பார். கோகுலாஷ்டமிக்கு வாசலிலிருந்து கால் வரைந்தேன், வலது காலாக மட்டும் வரைந்தேன். பொன்னம்மா அதைப் பார்த்துவிட்டு வாசலோடு திரும்பி வீட்டுக்குப் போனாள். அந்த வருஷத்திலிருந்து சுவரில் பூ வைப்பதையும் விட்டுவிட்டாள். அவளுக்கு என்ன வருத்தம் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் நீங்கள் வந்தீர்கள் டாக்டர் சுசீலா. சின்ன வயசு, நல்ல மனசு. வந்த வேகத்தில் மதராஸுக்கு எழுதிப்போட்டு அவருக்குக் கட்டைக்கால் வரவழைத்துவிட்டீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். முதலில் வராந்தாவில் நடந்தார். அப்புறம் ரோட்டில் நடந்தார். ஒருநாள் சாயங்காலம் ஆளைக் காணோம். நான் பொன்னம்மாவைக் கூட்டிக்கொண்டு தெருத்தெருவாகத் தேடினேன். இவர் ஃபெர்ரி ஏறி எதிர்க்கரையில் இருக்கும் பாம்பூஃப்ளாட்டுக்குப் போய், டீ குடித்துவிட்டு, சும்மா திரும்பி வருகிறார். அதே பழைய சிரிப்பு.

“ருக்கு, கேம்பல் பேல ஸ்டோர்ஸ் வேல காலியா இருக்காம். ஒக்காந்து பாக்கற வேலதான். சாப்கிட்டப் பேசிட்டேன், டீக் ஹை, சரின்னுட்டாரு.”

அப்புறம் நான் என்ன செய்ய முடியும்? நீங்களே சொல்லுங்கள்.

ஆனால் பட்டுத் திருந்தியவள் நான். இந்த முறை நிக்கோபார் கப்பல் ஹேடோ துறைக்கு வந்து நின்றுவிட்டதை என் கண்ணால் பார்த்த பிறகுதான் ஊசியை எடுத்தேன். துண்டையும் தடவிப் பாருங்கள், ஓரமெல்லாம் அம்மியில் தேய்த்து மழுக்கியிருக்கிறேன். தேவைக்குமேல் கஷ்டப்படுத்துவது என் எண்ணமில்லை. இன்னும் சிவக்க மட்டும்தான் செய்திருக்கிறது, கொப்புளம்கூட இல்லை. கட்டைக்காலுக்குச் சமமாக வலது ஷூவின் அடியை உயர்த்த வேண்டும் என்று நீங்கள் வந்து ஷூவைக் கேட்டபோது, கொடுக்காமல் இருக்க எனக்கு ஒரு காரணம் தோன்றவில்லை. செருப்புத் தைக்கிறவர் அட்டையைப் பிரித்திருப்பார். அவர் தொழில் தெரிந்தவர், தையல் தன்னுடையதில்லை என்று சொல்லியிருப்பார்.

ஆமாம், என்னுடையதுதான். இரண்டு காலுக்கும் நான்தான் தைத்தேன்.

அவரிடம் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறீர்கள், முகத்திலேயே தெரிகிறது. சொல்லுங்கள், நான் தடுக்கவில்லை. நம்ப மாட்டார். சிரித்துவிட்டு, உங்களுக்கும் ஒரு கப் காபி கொடுக்கச் சொல்வார்.

அதோ, பாட்டு முடிந்துவிட்டது. கூப்பிடுகிறார், கேட்கிறதா? கச்சேரிக்கு நேரமாகிவிட்டது. தம்புரா அந்த அலமாரியில்தான் இருக்கிறது, எடுத்துக்கொண்டு போக வேண்டும். இல்லை, நீங்கள் உட்காருங்கள், உங்களுக்கு எதற்குச் சிரமம்? கையை விடுங்கள் டாக்டரம்மா. போலீசுக்குச் சொல்வதானால் நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் ஒன்று மட்டும் யோசித்துவிட்டுச் செய்யுங்கள். என்னைக் கூட்டிப்போய்விட்டால் அவருடைய காலை யார் பார்ப்பார்கள்? அவருக்கு அந்தக் காலில் உணர்ச்சியே கிடையாது. அக்கறையுள்ளவள் ஒருத்தி பக்கத்தில் இல்லாவிட்டால், யார் வேண்டுமானாலும் அவரை என்ன வேண்டுமானாலும் செய்துவிடலாம்.